கால்களுக்கும் உண்டு 'அலைன்மென்ட்'!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் கார் தொழிற்சாலை வரும். ஒரகடம் பக்கம் திரும்பினால் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள்தான். புத்தம்புது கார்களை முதுகில் சுமந்துகொண்டு நீள நீளமான லாரிகள் போவதை அங்கே வேடிக்கை பார்க்கலாம்.

அந்தக் கார்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை நடக்கும். அதற்குப் பெயர் 'வீல் அலைன்மென்ட்'. நான்கு சக்கரங்களும் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று கருவிகள் அளந்து சொல்லும். கொஞ்சம் பிசகியிருந்தாலும் சரிசெய்த பிறகுதான் காரை அனுப்புவார்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டயரும் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும்.

இதில் ஒரு வேடிக்கை. சக்கரத்தின் முன்பகுதி உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் 'டோ-இன்' என்பார்கள். வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால் 'டோ-அவுட்'. 'டோ' என்றால் கால் விரல்! நம் கால்களிலும் இதே மாதிரி கோணங்கள் உண்டு. அவை அதிகமாக மாறினால் ஓடும்போது வலிக்கலாம்.

ஒரு அடிக்கு எத்தனை கிலோ?

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52. பெரியவர்களின் உடம்பில் மொத்தமே 206 எலும்புகள்தான். அதில் கால்வாசி பாதங்களிலேயே இருக்கிறது!

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்கும். உங்கள் எடை 30 கிலோ என்றால், ஒரு அடிக்கு 60 முதல் 90 கிலோ! ஒரு கிலோ மீட்டர் ஓடச் சுமார் 1,000 அடிகள் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலும் 500 முறை அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். கால் கோணலாக இருந்தால், அந்தச் சுமை முழங்காலிலோ கணுக்காலிலோ ஒரே பக்கமாகப் போய் விழும்.

வளைவெல்லாம் கோளாறு இல்லை!

உடனே பயந்துவிடாதீர்கள். பிறந்த குழந்தைகள் எல்லோருக்குமே கால் வில் மாதிரிதான் வளைந்திருக்கும். 2 வயதை ஒட்டி அது நேராகும். 3, 4 வயதில் முட்டிகள் இரண்டும் ஒன்றோடு ஒன்று இடிக்கும். 7, 8 வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

பாதமும் அப்படித்தான். சின்னக் குழந்தைகளின் பாதம் தட்டையாகத்தான் தெரியும். வளர வளர நடுவில் குழிவு வரும். சிலருக்குக் கடைசி வரை வராது. வலி இல்லாவிட்டால் அதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

உசேன் போல்ட்டைத் தெரியும்தானே? 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியவர். அவருக்கு முதுகெலும்பு பிறவியிலேயே வளைந்தது. வலது கால், இடது காலைவிட ஏறக்குறைய அரை அங்குலம் குட்டை! முதுகுக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் பயிற்சிகளைத் தொடர்ந்து செய்துதான் அவர் சமாளித்தார்.

அப்படியானால் வலி ஏன் வருகிறது?

* வேகமாக வளரும் வயது: 8 முதல் 14 வயது வரை ஓடியாடும் பிள்ளைகளுக்குக் குதிகாலிலும், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயும் வலி வருவது சகஜம். எலும்பு வேகமாக வளர, தசைகள் இறுக்கமாகி அதை இழுப்பதால் வரும் வலி இது. சில நாட்கள் ஓட்டத்தைக் குறைத்தால் தணியும்.

* இடுப்புத் தசையில் பலம் குறைவு: கால் தரையில் பதியும்போது முழங்கால் உள்பக்கமாகச் சரியும். பார்த்தால் எலும்பு கோணல் மாதிரி தெரியும். உண்மையில் தசைதான் காரணம்.

* பொருந்தாத ஷூ: அண்ணன் போட்டுக் கழித்த ஷூ, ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு எல்லாம் இதில் அடக்கம்.

* எலும்பே வளைந்திருப்பது: வைட்டமின் 'டி', கால்சியம் குறைந்தால் எலும்பு வலுவிழந்து வளையும். குடிநீரில் ஃபுளோரைடு அதிகம் இருந்தாலும் சில பிள்ளைகளின் கால்கள் வளைந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இந்தத் தொல்லை உண்டு. அதனால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே 2013-ல் தொடங்கப்பட்டது.

செடிக்குக் குச்சி, காலுக்குத் தகடு!

வீட்டில் சின்னச் செடி கோணலாக வளர்ந்தால் அம்மா என்ன செய்வார்? பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுக் கட்டிவிடுவார். 1741-ல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், பிள்ளைகளின் உடல் கோணல்களைச் சரிசெய்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் கோணலான மரத்தை நேரான கம்போடு சேர்த்துக் கட்டிய படம் இருக்கிறது. இன்றும் பல நாடுகளின் எலும்பு மருத்துவச் சங்கங்களுக்கு அதுதான் சின்னம். 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற சொல்லும் அவர் உருவாக்கியதுதான். 'நேர்', 'குழந்தை' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அமைத்தார்!

நம் எலும்பின் முனையில் 'வளர்ச்சித் தட்டு' என்ற மெல்லிய பகுதி இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். கால் மிகவும் வளைந்திருந்தால், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் சின்ன உலோகத் தகட்டைப் பொருத்துவார்கள். தகடு உள்ள பக்கம் வளர்ச்சி மெதுவாகும். மறுபக்கம் வழக்கம்போல வளரும். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நிமிரும்! நேரானதும் தகட்டை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் இந்த வழி பலிக்காது. எலும்பையே வெட்டிச் சரிசெய்யும் பெரிய அறுவை சிகிச்சைதான் வேண்டியிருக்கும். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது, இல்லையா?

ஜெயித்த கால்கள்

அமெரிக்காவின் வில்மா ருடால்ஃபுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் பலமிழந்தது. காலில் இரும்புப் பட்டை கட்டித்தான் நடந்தார். சிகிச்சைக்காக அம்மா அவரை 80 கிலோ மீட்டர் தூரம் பஸ்ஸில் அழைத்துப் போவார். வீட்டில் எல்லோரும் முறைபோட்டுக் காலைப் பிடித்துவிடுவார்கள். 12 வயதில் ஸ்பெஷல் ஷூவையும் கழற்றினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்றார்!

மேற்கு வங்காளத்தின் ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு பாதத்திலும் 6 விரல்கள். எந்த ஷூவும் பொருந்தாது. வலியோடுதான் ஓடுவார். அப்படியும் 2018 ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் போட்டியில் தங்கம் வென்றார். அதன்பிறகு அவருடைய பாதத்தை அளந்து, தனியாக ஷூ செய்து கொடுத்தது அடிடாஸ் நிறுவனம்.

நீங்களே பார்க்கலாம்!

1. பாதத்தை நனைத்து, சிமென்ட் தரையில் வைத்து எடுங்கள். நடுவில் குழிவு தெரிகிறதா? தெரியாவிட்டால் நுனிக்காலில் நில்லுங்கள். அப்போது குழிவு வந்தால், அது வளைந்து கொடுக்கும் பாதம். வலி இல்லாவிட்டால் கவலை வேண்டாம்.

2. பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது இயல்பு. உள் ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் வீட்டில் சொல்லுங்கள்.

3. கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை லேசாக மடக்குங்கள். முட்டி உள்பக்கமாகச் சரிகிறதா?

சரிந்தால் இடுப்புக்குப் பயிற்சி தேவை. பக்கவாட்டில் படுத்து மேல் காலைத் தூக்கி இறக்குங்கள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பாண்டி ஆடுங்கள், அதுவும் நல்ல பயிற்சிதான்! கால் விரல்களால் கோலிக்குண்டைப் பொறுக்கினால் பாதத்துக்குப் பலம். வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மறைக்காதீர்கள்!

வலி ஒரே காலில் மட்டும் இருந்தாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோ, வீக்கம், காய்ச்சல், நொண்டல் இருந்தாலோ, வளைவு அதிகமாகிக்கொண்டே போனாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று காலை இழுத்து நீவ விடாதீர்கள். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். சிகிச்சை தேவைப்பட்டால் அவர்களே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள்.

ஒரு பக்கமாக இழுக்கும் காரை யாராவது கேலி செய்கிறார்களா? ஒர்க்‌ஷாப்புக்குத்தானே கொண்டுபோகிறார்கள்! அதனால் கோணலாக ஓடும் நண்பனை 'வாத்து' என்று கூப்பிடாதீர்கள். பி.டி. பீரியடில் வலியால் ஓரமாக உட்கார்ந்திருந்தால், வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். சரியான வயதில் கவனித்தால், அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் அவனும் உங்களோடு ஓடுவான்!