தியானத்தில் தூக்கம் வருகிறதா? காதை இழுத்துவிடச் சொன்னார் புத்தர்!

கண்ணை மூடி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே தலை ஆடுகிறதா? 'நமக்கெல்லாம் தியானம் சரிப்படாது' என்று பாயைச் சுருட்டிவிட வேண்டாம். புத்தரின் தலையாய சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே, மகத நாட்டில் தியானத்தின்போது தூங்கி வழிந்தவர்தான்!

புத்தர் அவரைத் திட்டவில்லை. படிப்படியாக வழி சொன்னார் என்கிறது பாலி மொழி நூலான அங்குத்தர நிகாயம். கற்ற அறத்தை மனதில் அசைபோடு, வாய்விட்டுச் சொல். காதுகளை இழுத்துவிடு, கை கால்களைத் தேய். எழுந்து கண்களைத் தண்ணீரால் கழுவி, நட்சத்திரங்களைப் பார். பகல் வெளிச்சத்தை மனதில் நினை. அப்புறமும் கண் சொக்கினால், முன்னும் பின்னும் நட.

எதுவும் பலிக்கவில்லையா? எழ வேண்டும் என்ற நினைப்போடு வலப்பக்கம் ஒருக்களித்துப் படு. விழித்ததும் சட்டென எழுந்துவிடு என்றார்.

ஆக, படுக்க அனுமதி உண்டு. அப்படியே கிடக்கத்தான் அனுமதி இல்லை!