உங்களுக்குத் தெரியுமா? நாக்கில் நனைத்த தூரிகை

பழைய அமெரிக்க டாட்டூ கடைகளின் சுவரில் தொங்கிய மாதிரிப் படங்களுக்கு ‘ஃப்ளாஷ்’ என்று பெயர். நங்கூரம், கழுகு, கத்தி பாய்ந்த இதயம்... வாடிக்கையாளர் விரல் நீட்டியது தோலில் ஏறும். அவற்றில் பல, கறுப்பு மையும் வாட்டர்கலரும் கொண்டு தாளில் தீட்டியவை.

நிழல் போட்ட விதம்தான் வேடிக்கை. இரண்டு தூரிகைகள். ஒன்றால் கோட்டை ஒட்டி மை வைப்பார்கள். இன்னொன்றை நாக்கில் நனைத்து, மை காய்வதற்குள் இழுத்துவிடுவார்கள். கறுப்பு மெல்லச் சாம்பலாகித் தாளின் வெள்ளையில் கரைந்துவிடும். ‘ஸ்பிட் ஷேடிங்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. (நீங்கள் தண்ணீரே தொட்டுக்கொள்ளுங்கள்!)

காமிக்ஸைப் போலவே இங்கும் தடித்த கறுப்புக் கோடுதான் படத்தைத் தாங்குகிறது. உங்கள் ஸ்கெட்ச்புக்கில் இதை முயன்றால் மையைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் ஈரத் தூரிகை பட்டதும் கலங்கும். மஞ்சள் ரோஜா அழுக்கு ரோஜாவாகிவிடும். அரக்கு சேர்த்த இந்தியன் இங்க் காய்ந்தபின் அசையாது. ஆனால் அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்பு, இல்லையென்றால் தூரிகை, அதற்குச் சரி.