சிட்டுக்குருவிக்குக் கூடு மட்டும் போதுமா? தில்லியின் மாநிலப் பறவை குஞ்சு வளர்ப்பது எப்படி?

புதுதில்லி: தில்லியின் மாநிலப் பறவையாகச் சிட்டுக்குருவி 2012-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அப்போதைய முதல்வர் ஷீலா தீட்சித் இந்த அறிவிப்பை வெளியிட்டார். குருவியை மீண்டும் வீட்டருகே காணும் ஆவலில், தலைநகரவாசிகள் பலர் பால்கனிகளில் மரப்பெட்டிகளையும் சணல் கூடுகளையும் தொங்கவிட்டு வருகின்றனர். எனினும், கூட்டில் இடப்பட்ட முட்டைகள் பறக்கும் குஞ்சுகளாக மாறுவதற்கு இருப்பிடத்துடன் பூச்சி உணவும் அவசியமாகிறது.

குறைந்தது எங்கே?

2020 பிப்ரவரியில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுவதும் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை 25 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமின்றி இருப்பதாகத் தெரிவித்தது. அதேவேளையில், தில்லி, சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் அவை குறைந்து வருவதையும் அது சுட்டிக்காட்டியது.

பழைய வீடுகளின் சுவர்ப் பொந்துகள், ஓட்டு இடுக்குகள், காற்றோட்டத் துவாரங்கள் ஆகியவையே குருவிகளின் இயல்பான உறைவிடங்கள். கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்ட புதிய கட்டடங்களில் அவற்றுக்கு இடமில்லை. புதர்வேலிகளும் மண்தரையும் மறைவதால் பூச்சிகளும் அருகி வருகின்றன.

ஒரு மாதக் குடும்ப வாழ்க்கை

குருவி பொதுவாக மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். ஏறத்தாழ 11 முதல் 14 நாட்களில் அவை பொரிகின்றன. இறகின்றி, கண் திறவாத நிலையில் வெளிவரும் குஞ்சுகள், சுமார் இரண்டு வாரங்களில் கூட்டைவிட்டு வெளியேறுகின்றன. ஆண், பெண் இரண்டுமே இரை கொண்டுவரும். வெளியேறிய பிறகும் சில நாட்கள் பெற்றோரே ஊட்டுகின்றன. ஓர் இணை ஆண்டுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட முறை குஞ்சு பொரிப்பதுண்டு.

அரிசி ஏன் போதாது?

வளர்ந்த குருவிகளுக்கு அரிசியும் கம்பும் ஏற்ற உணவு. ஆனால் விரைந்து வளரும் குஞ்சுகளுக்குப் புரதம் தேவை. ஆகவே, முதல் நாட்களில் பெற்றோர் பெரும்பாலும் அசுவினி, புழு, சிலந்தி போன்றவற்றையே ஊட்டுகின்றன. பிரிட்டனின் லெஸ்டர் நகரில் நடைபெற்ற ஆய்வில், பூச்சி குறைந்து தாவர உணவே மிகுதியாகக் கிடைத்த கூடுகளில் குஞ்சுகள் அதிகம் இறந்தது தெரியவந்தது.

இந்த உறவின் மறுபக்கத்தைச் சீனா கண்டது. தானியத்தைத் தின்பதாகக் கூறி, 1958-இல் அங்கு குருவிகள் பெருமளவில் கொல்லப்பட்டன. அதன்பின் பயிர்களைத் தாக்கும் பூச்சிகள் பெருகின. 1960-இல் ஒழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு, மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது.

வீட்டில் செய்யக்கூடியவை

* கூட்டின் நுழைவுத் துளை சுமார் 32 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதாக இருக்கலாம். பூனை எட்டாத உயரத்தில், நிழலான இடத்தில் அதைப் பொருத்த வேண்டும். தில்லியில் கோடை வெப்பம் 40 டிகிரியைக் கடப்பதால், நேரடி வெயில் குஞ்சுகளுக்கு ஆபத்தானது.

* எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற தொட்டிச் செடிகளில் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். அவற்றில் பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஆழமற்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நாள்தோறும் மாற்றலாம்.

* கூட்டைத் திறந்து பார்க்காமல், தொலைவிலிருந்து கவனிப்பதே நல்லது. அலகில் புழுவுடன் பெற்றோர் அடிக்கடி வந்துசென்றால், உள்ளே குஞ்சுகள் வளர்கின்றன என அறியலாம்.

* அறைக்குள் கூடு இருந்தால், குருவிகள் நடமாடும் வேளையில் மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டும்.

குஞ்சு கீழே கிடந்தால்?

இறகு முளைத்துத் தத்தித்தத்தி நடக்கும் குஞ்சு பறக்கக் கற்கும் பருவத்தில் இருக்கக்கூடும். பெற்றோர் அருகிலேயே இருப்பதால் அதை எடுத்துச் செல்லாமல், பூனை, நாய்களிடமிருந்து மட்டும் காத்தால் போதும். இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

காயமடைந்த பறவைகளுக்கு, செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் இயங்கும் பறவைகள் மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.