இறுகிய எஞ்சின்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

தஞ்சைத் தரணி என்றவுடன் நெல்வயலும் வாய்க்காலுமே யாவருக்கும் நினைவில் எழும். ஆயினும் காவிரியின் கிளைகள் கடலை அடையும் இடங்களில், கொள்ளிட முகத்துவாரம் முதல் கோடியக்கரை, முத்துப்பேட்டைக் காயல் வரையில், படகையும் வலையையும் நம்பி வாழும் குடும்பங்களும் ஏராளம். 2004 டிசம்பர் 26-ல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு இக்கரையில் கட்டுமரங்கள் குறைந்து, எஞ்சின் பூட்டிய பைபர் படகுகள் பெருகின. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தின் அருகே கரையைக் கடந்தபோது படகுகளும் எஞ்சின்களும் பெருஞ்சேதம் அடைந்தன. புயல் இல்லாத நாட்களிலும் எஞ்சின் இறுகிப்போதல் புதிதன்று. அவ்வாறு இறுகிய எஞ்சினைப் பழுது பார்ப்பதா, தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா என்னும் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது நாம் செய்த ஒரு பிழையே. சில ஆண்டுகளுக்கு முன் அங்கத்தினர் ஒருவர் புது எஞ்சின் வாங்கக் கடன் கேட்டு மனுச் செய்தார். நாம் நேரில் சென்று பார்த்தோம். கயிற்றை இழுத்தால் அசையவில்லை. 'எஞ்சின் முடிந்துவிட்டது' என்று அவர் கூறியதை ஏற்றுக் கடனுக்குச் சிபாரிசு செய்தோம். பழைய எஞ்சின் காயலான் கடைக்குப் போயிற்று. அதை வாங்கியவர் பிரித்துப் பார்த்தபோது சிலிண்டரும் பிஸ்டனும் பழுதின்றி இருந்தன. தூண்டில் நரம்பு விசிறித் தண்டில் சுற்றிச் சீலை அறுத்து, கியர்ப்பெட்டிக்குள் உப்புநீர் புகுந்து, அங்கிருந்த பேரிங் மட்டுமே துருவேறி இறுகியிருந்தது. அதே எஞ்சின் பின்னர் வேறொரு படகில் ஓடக் கண்டோம். நம் அங்கத்தினரோ மூன்றாண்டு தவணை கட்டினார். இடையில் இரண்டு தவணைகளை, அவருக்கு ஜாமீன் நின்ற கைத்தறி நெசவாளர் தம் கூலியிலிருந்து செலுத்த நேர்ந்தது.

ஆகவே முதலில் அறிய வேண்டுவது, இறுகியது எது என்பதே. பல எஞ்சின்களில் கியர் விழுந்திருக்கும்போது கயிற்றை இழுக்க இயலாதவாறு ஒரு தடை அமைந்திருக்கும். எனவே நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கயிற்றுச் சுருளைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளையும் நீக்கிவிட்டு, பிளைவீலைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அது திரும்பினால் குற்றம் கயிற்றுச் சுருளில் உள்ளது. பிளக்கைக் கழற்றிய துளை வழியே நீர் வெளிவந்தால், சிலிண்டரில் நின்ற நீரே தடையாயிருந்திருக்கலாம். அப்போதும் திரும்பாவிடில், கீழ்க் கியர்ப்பெட்டியைத் தனியே கழற்றி மீண்டும் முயல வேண்டும். இப்போது திரும்பினால் பழுது கியர்ப்பெட்டியோடு நின்றது. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்தமைக்கு அதுவே சாட்சி. இவ்வளவும் ஒரு மெக்கானிக்கின் அரைநாள் வேலையே.

அதன் பின்னும் அசையவில்லையெனில் பிஸ்டன் பக்கம் இறுகியுள்ளது எனக் கொள்ளலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. ஒன்று, எண்ணெய்க் குறைவு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. கலக்க மறந்த ஒருநாளே போதும், எஞ்சின் இறுகிவிடும். இரண்டு, குளிர்நீர் ஓட்டம் நிற்றல். காயலின் சேறும் பாசியும் நீர்வழியை அடைத்தாலும், பம்பிலுள்ள ரப்பர்ச் சக்கரம் கிழிந்தாலும் எஞ்சின் கொதிக்கும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும் தன்மையது. ஆதலால் அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரில் சிக்கிக்கொள்கிறது. மூன்று, நெடுநாள் ஓடாமல் கிடந்தோ, நீரில் மூழ்கியோ ஏற்படும் துரு.

துருவினால் இறுகியதற்கு மருந்து பொறுமையே. பிளக் துளை வழியே டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, இரண்டொரு நாள் ஊறவிட்டு, பிளைவீலை இருபுறமும் சிறுகச் சிறுக அசைக்க வேண்டும். நீண்ட கம்பியைச் செருகி முழுப் பலத்துடன் திருப்புவது கூடாது. பிழைக்கக்கூடிய எஞ்சினையும் அது கெடுத்துவிடும்.

சிலிண்டரில் கீறல் விழுந்திருந்தால், பிரித்த பின்னரே முடிவு கூற முடியும். கீறல் ஆழமற்றதாயின் சிலிண்டரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டு ஓட்டலாம். சிலிண்டர் உடல் வெடித்திருந்தாலும், கிராங்க் தண்டு உப்பரித்துக் குழி விழுந்திருந்தாலும், உதிரிப்பாகம் கடைகளில் கிடைக்காததாயினும், புதிது வாங்குவதே விவேகம்.

இடைப்பட்ட நிலையில் கணக்கே வழிகாட்ட வேண்டும். ஓர் உதாரணம் கூறுவோம். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவையே. புது எஞ்சின் 1,20,000 ரூபாய் என்றும், 6 ஆண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஆகிறது. கடன் வட்டி தனி. பழுது பார்க்க 30,000 ரூபாய் கேட்கிறார்கள். பழுது பார்த்த எஞ்சின் 18 மாதம் ஓடினால் இரண்டும் சரிக்குச் சரி. மூன்றாண்டு ஓடினால் ஆண்டுக்கு 10,000 ரூபாய் மட்டுமே. லாபம் பழுது பார்ப்பதில். ஆறு மாதத்தில் மறுபடியும் நின்றால், முப்பதாயிரமும் கடலில் கரைத்ததாகும். எனவே மெக்கானிக்கிடம் 'எவ்வளவு ஆகும்?' என்று மட்டும் கேளாமல், 'எத்தனை நாள் ஓடும்?' என்றும் கேட்டல் அவசியம். வேலையின்றிப் படகு கரையில் கிடக்கும் நாட்களின் நஷ்டத்தையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. இறுகியதற்குக் காரணம் கண்டறியப்படாவிடில், பழுது பார்த்ததும் இறுகும். புதிது வாங்கியதும் இறுகும்.

புயலிலோ வெள்ளத்திலோ மூழ்கிய எஞ்சினுக்குத் தனி முறை உண்டு. மூழ்கும்போது அது ஓடிக்கொண்டிருந்தாலும், மணல் உட்புகுந்திருந்தாலும் சுழற்ற முயலக் கூடாது. பிரித்தே பார்க்க வேண்டும். மற்றபடி, மேலே எடுத்தவுடன் நன்னீரில் கழுவி, பிளக்குகளை நீக்கி நீரை வடித்து, எண்ணெய் விட்டு, சில மணி நேரத்திற்குள் ஓட்டிவிட வேண்டும். மெக்கானிக் உடனே கிட்டாவிடில், நன்னீர்த் தொட்டியில் மீண்டும் முழுதும் அமிழ்த்தி வைப்பதே நலம். கேட்பதற்கு வியப்பாயிருப்பினும், உப்புநீரில் நனைந்த இரும்பைக் காற்றே விரைந்து அரிக்கிறது.

வயலில் இறைக்கும் டீசல் எஞ்சின் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் ஆராயும் முறையும் கணக்கும் ஏறத்தாழ இவையே. சங்கங்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்று. எஞ்சின் கடன் மனு வந்தால், பிரித்துப் பார்த்த மெக்கானிக் எழுத்தில் தந்த மதிப்பீடும் உடன் வரவேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்துக்கொள்ளலாம். இயன்றால் இருவரிடம் பெறுதல் நன்று. பிரித்துப் பார்க்கும் கூலி சிறு தொகை. அதனை மிச்சப்படுத்த எண்ணி நாம் இட்ட ஒரு கையெழுத்து, இரண்டு குடும்பங்களுக்கு மூன்றாண்டுச் சுமையாயிற்று. அத்தகைய சிபாரிசு மற்றொரு முறை நம் கையால் எழுதப்படாது.