மருத்துவ சஞ்சிகைகளும் பொதுக் களஞ்சியங்களும்

கல்விப்பொருள் கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று ஆன்றோர் கூறுவர். ஆயினும் அப்பொருளைத் தேடித் தொகுத்து, பிழை நீக்கி, உலகத்தார் கையில் கொடுப்பவர்க்குச் செலவு உண்டென்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. அதனை நமக்கு நினைவூட்டியது ஜவ்வாது மலையில் கழிந்த ஒரு மாலைப்பொழுது.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்னும் மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது. சாமையும் புளியும் தேனும் அம்மலையின் விளைபொருள்கள். மலையாளிகள் எனப்பெறும் பழங்குடி மக்கள் அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். சென்ற விடுமுறையில் நம் மாணவர் சிலருடன் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சென்றிருந்தோம். அங்கு ஒரு சிறு மருத்துவமனையில், நோயாளிகளையெல்லாம் பார்த்தனுப்பிய மருத்துவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் எதையோ ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். யாது படிக்கின்றீர் என வினவினோம். உண்ணிக் காய்ச்சலின் சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை என்றார்.

"ஐயா, இது பாஸ்டன் நகரத்துச் சஞ்சிகையில் வந்த கட்டுரை. ஆனால் நான் படிப்பது அச்சஞ்சிகையின் இணையத்தளத்தில் அன்று. பொதுக் களஞ்சியம் ஒன்றில். காசில்லாமல் கிடைக்கிறது. என்னைப் போன்றோர் எல்லோரும் இவ்வழியே வந்துவிட்டால் சஞ்சிகையின் வாசலில் கூட்டம் குறையாதா? கூட்டம் குறைந்தால் சஞ்சிகை பிழைப்பது எங்ஙனம்?" என்று அவர் கேட்டார்.

அவ்வினாவிற்கு அப்பொழுது நம்மிடம் தக்க விடை இல்லை. ஊர் திரும்பியபின் இதுபற்றிப் படித்தும் எண்ணியும் கண்டவற்றை ஈண்டு வாசகர்முன் வைக்கின்றோம்.

முதற்கண், மருத்துவ சஞ்சிகை என்பது யாது என்று பார்ப்போம். ஒரு மருத்துவர் தாம் கண்டறிந்ததை எழுதியனுப்பினால், ஆசிரியர் அதனை அத்துறையில் வல்ல வேறு சிலரிடம் அனுப்பி ஆராயச் செய்வார். அவர்கள் குறை கூறுவர், எழுதியவர் திருத்துவார், தகுதியற்றது தள்ளப்படும். இங்ஙனம் புடைத்தெடுத்த பின்னரே கட்டுரை வெளிவரும். ஆராய்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. ஆயினும் அலுவலகம், செப்பனிடுவோர், தளத்தைக் காப்போர் ஆகியவற்றிற்குப் பணம் வேண்டும். நெடுங்காலமாக அப்பணம் நூலகங்கள் செலுத்தும் சந்தாவினின்றும் வந்தது. எந்தச் சஞ்சிகைக்குச் சந்தா செலுத்துவது என்று முடிவு செய்யும் நூலகர் கேட்கும் முதற்கேள்வி, அதனை எத்தனை பேர் படிக்கின்றனர் என்பதே. ஆதலின் சஞ்சிகையின் தளத்திற்கு வருவோர் எண்ணிக்கை வீண்பெருமைக்குரிய கணக்கன்று. அதன் வாழ்வோடு ஒட்டிய கணக்காகும். விளம்பரம் தருவோரும் அதனையே நோக்குவர். சஞ்சிகையை நடத்தும் மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்க்குச் செய்தி சொல்லும் இடமும் அத்தளமே.

இனிப் பொதுக் களஞ்சியத்தின் வரலாற்றைக் கூறுவோம். மருத்துவர்க்கு இது சற்றுப் புதிய வழக்கமாயினும், அதே ஜவ்வாது மலையில் வேறொரு சாராருக்கு இது பழகியதொன்று. அம்மலையின் காவலூரில் 1968-ஆம் ஆண்டு முதல் வானாராய்ச்சி நடைபெற்று வருகின்றது. அந்நிலையம் இன்று வைணு பாப்பு என்னும் வானநூல் அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1991-ல் பால் கின்ஸ்பார்க் என்பார் அமெரிக்காவில் ஆர்க்ஸிவ் என்னும் களஞ்சியத்தைத் தொடங்கினார். அது முதல் பௌதிக நூலாரும், அவரைத் தொடர்ந்து வானநூலாரும், தம் கட்டுரைகள் சஞ்சிகையில் வருமுன்னரே அங்கு வைத்து, எவரும் இலவசமாகப் படிக்கும்படி செய்து வருகின்றனர்.

மருத்துவத் துறையில் இத்தகைய களஞ்சியம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தோன்றியது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் அமைத்த அதற்குப் பப்மெட் சென்ட்ரல் என்று பெயர். இன்று அதில் ஒரு கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. பொதுமக்களின் வரிப்பணத்தால் நடந்த ஆராய்ச்சியைப் பொதுமக்கள் படிக்க மீண்டும் பணம் கேட்பது முறையோ என்னும் எண்ணம் அங்கு வலுத்தது. அதன் பயனாக, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் பொருளுதவி பெற்ற கட்டுரைகள் யாவும், வெளிவந்து 12 மாதங்களுக்குள் இக்களஞ்சியத்தில் திறந்து வைக்கப்படல் வேண்டும் என்னும் கட்டாய விதி 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஓராண்டு அவகாசம் சஞ்சிகைகள் சந்தாவை இழவாமல் இருத்தற்பொருட்டு அளிக்கப்பட்டது.

இதனால் சஞ்சிகைகளின் வாசலில் என்ன நேர்ந்தது என்பதைப் பிலிப் டேவிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2013-ல் கணக்கிட்டு வெளியிட்டார். உணவியல், உடலியங்கியல், கதிரியல் முதலிய துறைகளில் மருத்துவச் சங்கங்கள் நடத்தும் 14 சஞ்சிகைகளை அவர் எடுத்துக்கொண்டார். 2008 பிப்ரவரி முதல் 2011 ஜனவரி வரை அவற்றில் வெளிவந்த கட்டுரைகள் 13,223. அவற்றுள் 5,999 கட்டுரைகள் மேற்சொன்ன விதிக்குட்பட்டுக் களஞ்சியத்தில் திறக்கப்பட்டவை. எஞ்சிய 7,224 அவ்வாறு திறக்கப்படாதவை. இவ்விரு பகுதியினையும் ஒப்பிட்டபோது, களஞ்சியத்தில் திறக்கப்பட்ட கட்டுரைகளைச் சஞ்சிகையின் தளத்திலேயே திரையில் படித்தல் 21.4 விழுக்காடும், பி.டி.எஃப். என்னும் அச்சுவடிவில் எடுத்தல் 13.8 விழுக்காடும் குறைந்தன. அச்சுவடிவில் எடுக்கும் அளவு ஆண்டுதோறும் மேலும் சிறிது குறைந்து வந்ததையும் அவர் கண்டார்.

ஆகவே மருத்துவரின் ஐயம் வெறுங்கற்பனையன்று. முன்பு நூறு பேர் வந்த வாசலில் இன்று ஏறக்குறைய எண்பது பேரே வருகின்றனர். இதற்குக் காரணமும் எளிதில் விளங்கும். மருத்துவர் ஒருவர் பப்மெட் அட்டவணையில் நோயின் பெயரையிட்டுத் தேடினால், கட்டுரையின் தலைப்பருகே இலவசமாய்ப் படிக்கும் இடத்திற்கு வழிகாட்டும் குறி நிற்கும். ஒரே கட்டுரைக்கு இரண்டு வாசல்; ஒன்றில் காவலாளி நின்று சீட்டுக் கேட்கலாம்; மற்றொன்று எப்பொழுதும் திறந்தேயிருக்கும். வழிப்போக்கன் எதனுள் நுழைவான் என்று கூறவும் வேண்டுமோ?

ஆனால் இக்கணக்கை நாம் தவறாகப் படித்தலும் கூடாது. ஓர் ஊரில் பழங்கிணறு ஒன்று இருக்கிறது. ஊரின் மறுகோடியில் புதிதாகத் தண்ணீர்த்தொட்டி கட்டுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றடியில் குடங்கள் குறையும். அதனால் ஊராரின் தாகம் குறைந்தது என்று எவரும் கூறார். கிணற்றிற்கு முன்பு வரவே இயலாதிருந்தோரும் தொட்டியில் நீர் மொள்வர். அவர்களைக் கிணற்றடியில் நின்று எண்ணுவோன் காணான். அங்ஙனமே சஞ்சிகையின் வாசலில் குறைந்தோரை எண்ணும் கணக்கு, அவ்வாசலில் என்றுமே நிற்க முடியாதிருந்த மலைநாட்டு மருத்துவரை எண்ணுவதில்லை. வசதி குறைந்த வாசகர்க்குக் களஞ்சியம் உதவக்கூடும் என்பதை டேவிஸும் மறுக்கவில்லை.

உவமையின் மறுபாதியையும் மறத்தல் ஆகாது. தொட்டிக்கு நீர் வருவது அப்பழங்கிணற்றிலிருந்தே. கிணற்றைத் தூர்வார ஆளில்லாது போனால் தொட்டியும் வறளும். ஆராய்ந்து புடைத்தெடுக்கும் வேலையைக் களஞ்சியம் செய்வதில்லை, சஞ்சிகையே செய்கின்றது. வாசகர் வராமையால் சங்கத்தின் செய்திகள் உறுப்பினரை எட்டா. கட்டுரையைச் சுற்றி அறிஞர் கூடி வாதிக்கும் சபை கலையும். சந்தா செலுத்தும் நூலகத்தார் கண்ணில் சஞ்சிகையின் மதிப்பும் குறையும் என்று டேவிஸ் எச்சரித்தது இப்பகுதியையே.

நம் நாட்டின் அநுபவம் இவ்விஷயத்தில் வேறொரு பாடம் புகட்டுகின்றது. மும்பையில் சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியும் கே.இ.எம். மருத்துவமனையும் சேர்ந்த ஆசிரியர் சங்கத்தார் 1955 முதல் நடத்திவரும் ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின் என்னும் சஞ்சிகை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் கட்டுரைகளையெல்லாம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்தது. அதன்பின் அதன் பழைய கட்டுரைகளும் முன்னினும் மிகுதியாக எடுத்தாளப்பட்டன என்று அதனோடு தொடர்புடையோர் 2005-ல் எடுத்துரைத்தனர். 1913-ல் தோன்றிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையும் இன்று எவரும் இலவசமாகப் படிக்கக்கூடியதே. பாஸ்டன் சஞ்சிகையின் வாசலை உலகமே அறியும். அதற்குக் களஞ்சியத்தால் கூட்டம் குறையலாம். நம் நாட்டுச் சிறு சஞ்சிகையின் வாசலையோ அயல்நாட்டார் அறியார்; அதற்குக் களஞ்சியம் கூட்டத்தைக் குறைப்பதினும் பெயரைப் பரப்புவதே மிகுதி. ஜவ்வாது மலை மக்களின் உடல்நலத்தைப் பற்றி வேலூர் மருத்துவர்கள் எழுதியவை பிறநாட்டார் கண்ணில் படுவதற்கும் இதுவே வழி.

மலையில் நாம் கண்ட கட்டுரையின் வரலாறும் இவ்விடத்துக் கூறத்தக்கது. அது 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆராய்ச்சி நடந்ததோ இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில். தலைமை தாங்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்து நரம்பின் வழியே செலுத்துதல், ஒன்றை மட்டும் செலுத்துவதினும் நன்று என்று அது காட்டியது. வேலூருக்கும் ஜவ்வாது மலைக்கும் இடையே உள்ள தொலைவு பேருந்தில் சில மணி நேரமே. ஆயினும் வேலூரில் விளைந்த அறிவு பாஸ்டன் சென்று, களஞ்சியத்தின் வழியாகவே அம்மலைக்கு ஏறிற்று. களஞ்சியம் இல்லையேல் அத்திண்ணையில் அமர்ந்து அதனைப் படிப்பது அம்மருத்துவர்க்கு எளிதாய் இருந்திராது.

நம் அரசாங்கம் சந்தா செலுத்துகின்றதே என்று சிலர் வினவலாம். ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்திற்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகத்தாரின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் வழங்கப்பெறுகின்றன. இது போற்றத்தக்க செயலே. ஆனால் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ, தனியார் நடத்தும் சிறு மருத்துவமனையோ அவ்வட்டத்துள் அடங்கவில்லை. கல்லூரியை விட்டு மலைக்குத் தொண்டாற்றச் செல்லும் இளமருத்துவர், கல்லூரி வாயிலைக் கடந்த அன்றே நூலகத்தையும் இழக்கின்றார். அவர்க்கு எஞ்சுவது பொதுக் களஞ்சியமே.

இப்பொழுது நிலைமை மேலும் மாறியுள்ளது. 2025 ஜூலை முதல் நாள் தொடங்கி, முன்சொன்ன அமெரிக்க விதியினின்றும் 12 மாத அவகாசம் நீக்கப்பட்டது. அந்நாள் முதல் சஞ்சிகை ஏற்றுக்கொள்ளும் கட்டுரைகள் வெளிவரும் நாளிலேயே களஞ்சியத்திலும் திறக்கப்படல் வேண்டும். சந்தா வருவாய் குறையுமென்று அஞ்சும் சஞ்சிகைகள், படிப்போரிடம் கேட்ட பணத்தை எழுதுவோரிடம் கேட்கத் தலைப்படின், நம் நாட்டு ஏழை ஆராய்ச்சியாளர்க்கு அது மற்றொரு பூட்டாகும். வாசகர்க்குக் கதவைத் திறந்து எழுத்தாளர்க்குக் கதவை அடைப்பது நீதியாகாது. ஆகவே சஞ்சிகையைத் தாங்கும் பொறுப்பைச் சங்கங்களும் கல்லூரிகளும் அரசாங்கமும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். மும்பைச் சங்கத்தார் சென்ற வழி நமக்கு ஓர் எடுத்துக்காட்டு.

சஞ்சிகை நடத்துவோர்க்கு நாம் கூறுவது ஒன்று. தம் வாசலில் வந்தோரை மட்டும் எண்ணாமல், களஞ்சியத்தில் படித்தோரையும் சேர்த்து எண்ணுக. பப்மெட் சென்ட்ரல் அக்கணக்கைத் தன்னோடு இணைந்த சஞ்சிகைகளுக்கு அளிக்கின்றது. இரண்டையும் கூட்டிக் காட்டினாலன்றி ஒரு சஞ்சிகையின் மெய்யான பயன் நூலகத்தார்க்கும் பொருளுதவி செய்வோர்க்கும் விளங்காது.

படிப்போர்க்குக் கூறுவதும் ஒன்றுண்டு. களஞ்சியத்தில் இருப்பது சிலவேளை ஆசிரியர் திருத்தி ஏற்றுக்கொண்ட கையெழுத்துப் படியேயன்றிச் சஞ்சிகை செப்பனிட்ட இறுதிவடிவம் அன்று. கட்டுரையைப் பற்றிப் பிறர் எழுதிய மறுப்புக் கடிதங்களும் சஞ்சிகையின் தளத்தில் இருக்கக்கூடும். மருந்தின் அளவு முதலிய நுட்பங்களில் ஓர் எழுத்துப் பிழையும் உயிருக்குக் கேடாகும். ஆதலின் களஞ்சியத்தில் படித்தவர், இயன்றபோது சஞ்சிகையின் வாசலுக்கும் ஒருமுறை சென்று, திருத்தம் ஏதும் உண்டோ என்று பார்த்தல் நலம். அவ்வருகை அவர்தம் நோயாளிக்குக் காப்பு, சஞ்சிகைக்கும் கைம்மாறு.

அந்த மருத்துவர்க்கு நாம் அளிக்கும் விடை இதுவே. ஆம் ஐயா, வாசலில் கூட்டம் குறையத்தான் செய்கின்றது. அக்குறைவை ஈடுசெய்யும் பொறுப்பு கல்வியுடைய சமுதாயத்தைச் சேர்ந்தது. ஜமுனாமரத்தூரில் காய்ச்சலோடு படுத்திருப்பவரைச் சேர்ந்ததன்று. நீங்கள் கூசாமல் படியுங்கள்.