பல் போன இடத்தில் எலும்பும் கரையும்

தீபாவளி முறுக்கை அம்மா தேநீரில் நனைத்துத்தான் சாப்பிடுவார். கீழ்த்தாடையின் வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிப் பதினைந்து ஆண்டுகளாகின்றன. அப்போது புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். வலித்தது, பிடுங்கினோம், தொல்லை விட்டது என்றுதான் நினைத்தோம்.

வேலைக்குப் போய்க் கொஞ்சம் காசு சேர்ந்ததும், சென்ற ஆண்டு அம்மாவைக் கோலா சிலாங்கூரில் ஒரு பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். நிரந்தரப் பல் வைக்க வேண்டும் என்றேன். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "திருகைப் பிடித்துக்கொள்ள எலும்பு போதாது. முதலில் எலும்பை வளர்க்கணும்" என்றார்.

மெல்லும்போது பல் வேர் வழியாக இறங்கும் அழுத்தம்தான் தாடை எலும்பைக் காக்கிறது. பல் போனால் எலும்பு கரையும். முதல் ஓராண்டிலேயே அந்த இடத்தின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தோட்டத்துப் பாட்டிகளின் ஒட்டிய கன்னத்துக்கு வயதை மட்டும் குறை சொல்லி வந்திருக்கிறோம்!

டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதை 1950களில் முயல்களை ஆராய்ந்தபோது கண்டவர் சுவீடனின் பிரோனிமார்க். 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். ஆனால், ஒட்டுவதற்கு எலும்பு இருக்க வேண்டுமே?

குறைந்த இடத்தில் எலும்புத் துகளை நிரப்பித் தைப்பார்கள். அதைப் பிடிமானமாகக் கொண்டு நம் எலும்பு வளரும். அந்தத் துகள் பெரும்பாலும் பதப்படுத்திய மாட்டு எலும்பு என்றதும் அம்மா எழுந்துவிட்டார்.

"வேணாம்யா. நான் நனைச்சே தின்னுக்கிறேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. தாடையின் பின்பகுதியிலிருந்து அம்மாவின் எலும்பையே எடுக்கலாம், செயற்கைக் கால்சியத் துகளும் உண்டு என்று பொறுமையாக விளக்கினார். மேலே போர்த்தும் சவ்வு பன்றியிலிருந்தும் வரலாம். நாமாகக் கேட்டால்தான் இதெல்லாம் தெரிகிறது. கேட்கக் கூச்சம் வேண்டாம்.

சொந்த எலும்பென்றால் இன்னொரு இடத்திலும் வெட்டு விழும். அம்மா அதற்குத்தான் சம்மதித்தார். இனிப்பு நீர் கட்டுக்குள் வரும்வரை மருத்துவர் கத்தியைத் தொடவில்லை. பிறகு ஒரு வாரம் வீங்கிய கன்னம், கஞ்சி. எலும்பு கெட்டிப்பட ஐந்து மாதம். போன மாதம்தான் திருகு இறங்கியது. அது ஒட்டும்வரை இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

பல் பிடுங்கிய அன்றே குழியில் துகள் நிரப்பியிருந்தால் எலும்பு இவ்வளவு கரைந்திருக்காதாம். என் தம்பிக்கு அடுத்த வாரம் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிறார்கள். அவனைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கும் அம்மாவின் முறுக்கு தேநீரில்தான்.