ஊம் கொட்ட வேண்டியது யார்?

மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டத்தின் கெடு 2026-27 கல்வியாண்டு. அதற்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் எல்லாப் பிள்ளைகளும் புரிந்து வாசிக்க வேண்டுமாம். கெடு நெருங்க நெருங்க, ‘கதை சொல்லுங்கள், வாசிப்பு தானே வரும்’ என்ற பேச்சும் பலமாகிறது. தினம் எத்தனை கதை, எவ்வளவு நேரம் என்று கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. எண்ணிக்கையில் இல்லை விஷயம்.

1988-இல் உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 21 முதல் 35 மாதக் குழந்தைகள்; சிறிய ஆய்வு, ஓரளவு வசதியான வீடுகள். இரு பிரிவுப் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் படப்புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் பயிற்சி: நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது, பிள்ளை சொன்னதை இன்னும் சில சொற்கள் சேர்த்துத் திருப்பிச் சொல்வது. ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் பல மாத வளர்ச்சி அளவுக்கு முந்தியிருந்தார்கள்.

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்வாள், பேரன் ஊம் கொட்டுவான். இந்த முறையில் தலைகீழ்: பிள்ளை சொல்லும், பெரியவர் ஊம் கொட்டுவார்.

“காக்கா வாயிலேர்ந்து வடை ஏன் விழுந்துச்சு?”

“பாடிச்சு.”

“ஆமா, நரி பாடச் சொன்னதும் வாயைத் திறந்து பாடிச்சு. அப்புறம்?”

பிள்ளையின் ஒற்றைச் சொல் முழு வாக்கியமாகி அதன் காதுக்கே திரும்புகிறது. அடுத்த முறை அதை அதுவே சொல்லிப் பார்க்கும். ‘நீ காக்காவா இருந்தா என்ன பண்ணுவே?’ என்று கேட்டால், படத்தில் இல்லாததைச் சொல்லாலேயே கட்டியாக வேண்டும். அதிகாரிகள் பொத்தாம்பொதுவாகக் ‘கற்பனைத்திறன்’ என்பது இந்த வேலையைத்தான்.

உறுத்துவது வேறொன்று. அமெரிக்கக் கல்வித் துறையின் மதிப்பீட்டுப் பிரிவு 2007-இல் இந்த முறையை அலசியது. வாய்மொழித் திறனுக்குப் பலன் உண்டு; சொல்லின் ஒலிகளைப் பிரித்தறியும் திறனில் குறிப்பிடும்படி ஒன்றும் தெரியவில்லை. நிபுண் இலக்கோ மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்கு 60 சொற்கள் வாசிப்பது. (‘போய்க்கொண்டிருந்தார்களாம்’ என்பதும் ஒரு சொல்தான்.) எழுத்தைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும், அந்தப் பாரத்தைக் கதையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

மற்ற கேள்விகள்:

செல்போனில் கதை போட்டால்? அது ஊம் கொட்டாது.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான்? சொல்லுங்கள், தெரிந்த கதையில்தான் துணிந்து வாய் திறப்பான்.

கடைசியில் நீதி? வேண்டாம்.

40 பேர் உள்ள வகுப்பில்? ஐந்தைந்து பேராக உட்கார்ந்தால்தான் ஆளுக்கொரு வார்த்தை பேச முடியும். மிச்சம் 35 பேரை அந்த நேரம் யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கெடு வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.